அக்வாமரைன் பாறைத்துண்டு: சோதிப்பதும் கழுவுவதும் (தொடக்கநிலையாளர்களுக்கு)

பாகிஸ்தானின் கில்கித்-பல்திஸ்தானில் ஷிகர் பள்ளத்தாக்கு, நகர் ஆகிய பகுதிகளிலிருந்து வரும் அக்வாமரைன் என்னும் வெளிர்நீல ரத்தினக்கல், பெரும்பாலும் அது வளர்ந்த தாய்ப்பாறையோடு சேர்ந்தே விற்பனைக்கு வருகிறது. அதைக் கழுவுவதில் அக்வாமரைனைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். அது பெரில் என்னும் கனிமத்தின் ஒரு வகை, மோஸ் அளவுகோலில் கடினத்தன்மை 7.5 முதல் 8 வரை, நாம் பயன்படுத்தும் அமிலம் அதை ஒன்றும் செய்யாது. கெடுவதெல்லாம் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கனிமங்கள்தான். அதனால் எதில் கழுவலாம் என்பதை அவற்றைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தேவையானவை: 10 மடங்கு லூப் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் சிறு உருப்பெருக்கி), 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, மென்மையான டூத் பிரஷ், டிஸ்டில்டு வாட்டர், ஆக்ஸாலிக் அமிலத் தூள், ரப்பர் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி.

படி 1: அக்வாமரைன்தானா?

ஆறு பக்கம், தட்டையான உச்சி, பக்கங்களில் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் இருக்கின்றனவா என்று லூப்பில் பாருங்கள். கோடுகள் குறுக்குவாக்கில் ஓடினால் குவார்ட்ஸ். குறுக்குவெட்டு சாய்சதுரமாக இருந்தால் டோபாஸாக இருக்கலாம். புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது அபடைட், அதற்கும் ஆறு பக்கம் உண்டு. ஆனால் கடினத்தன்மை 5தான், உடைந்த அடிப்பகுதியில் எஃகு ஊசியால் கீறினால் கோடு விழும். பெரிலில் விழாது.

தனிப் படிகமாக இருந்தால் ஒப்படர்த்தியும் (அதே அளவு தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு எடை என்பது) பார்த்துவிடலாம். முதலில் உலர்ந்த எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து எடையைச் சுழியாக்குங்கள். படிகத்தைத் தையல் நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் மூழ்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் உலர்ந்த எடையை வகுத்தால் விடை. 13.55 கிராம் படிகத்துக்குத் தராசு 5.02 காட்டினால் ஒப்படர்த்தி 2.70, அக்வாமரைனுக்குச் சரி. குவார்ட்ஸ் 2.65, அபடைட் 3.1 முதல் 3.2, டோபாஸ் சுமார் 3.5. படிகத்தில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் விடை குறைந்துவிடும், தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் சரியாகும். ஒரு கிராம் அளவுள்ள சிறு படிகத்தில் இந்த முறையால் குவார்ட்ஸையும் பெரிலையும் பிரித்துச் சொல்ல முடியாது. தராசின் பிழையே அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

படி 2: பசை இருக்கிறதா?

தண்ணீரில் போடும் முன்பே இதைச் செய்ய வேண்டும். ஊறவைத்தபின் படிகம் கையோடு கழன்று வந்தால் யாரையும் கேட்க முடியாது. இருட்டறையில் படிகமும் பாறையும் சேரும் இடத்தில் புற ஊதா ஒளி அடியுங்கள். அக்வாமரைன் பொதுவாக ஒளிராது, எபாக்சி பசை பெரும்பாலும் வெளிர்நீலமாகவோ மஞ்சளாகவோ ஒளிரும். புளோரைட்டும் அபடைட்டும்கூட ஒளிரலாம் என்பதால் லூப்பிலும் உறுதி செய்யுங்கள். அடியைச் சுற்றி வளையமாகக் காக்காப்பொன் தூள் அப்பியிருந்தால், அதற்குள் குமிழிகள் தெரிந்தால், ஒட்டவைத்த கல்தான்.

படி 3: பக்கத்தில் என்ன இருக்கிறது?

வெள்ளித் தகடுகளாக, நகத்தால் உரிக்க வருவது மஸ்கோவைட், நம் ஊர்க் காக்காப்பொன். வெள்ளை இதழ்கள் விசிறிபோல் அடுக்கியிருந்தால் ஆல்பைட். கறுப்பாக, குறுக்குவெட்டு உப்பிய முக்கோணமாக இருப்பது ஸ்கோர்ல் என்னும் கறுப்பு டூர்மலின். அமிலத்துக்கு அசையாது, ஆனால் குறுக்கே பட்டென்று முறியும், பிரஷை அழுத்தித் தேய்க்காதீர்கள். இவை எல்லாமே பெக்மடைட் என்னும், பெரிய படிகங்களாக உறைந்த தீப்பாறையின் வழக்கமான கூட்டாளிகள். காங்கேயம் அருகே படியூரில் கிடைத்த பெரிலும் பெக்மடைட்டில் பிறந்ததுதான்.

கவனம் வேண்டியவை இளஞ்சிவப்பு நிறத்தவை. நகர் பகுதித் துண்டுகளில் இளஞ்சிவப்பு அபடைட்டும் புளோரைட்டும் வரும். அபடைட்டை அமிலம் அரித்துப் பளபளப்பைப் போக்கிவிடும், புளோரைட் திடீர் வெப்ப மாற்றத்தில் விரிசல் விடும். இவற்றில் ஏதாவது இருந்தாலும், எதுவென்று புரியாவிட்டாலும், அமிலமே வேண்டாம். தண்ணீரோடு நிறுத்துங்கள்.

படி 4: கழுவுதல்

அறை வெப்பத் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்துப் பிரஷால் மெதுவாகத் தேய்த்தால் களிமண் போய்விடும். அப்புறமும் துருநிறம் மிஞ்சினால்தான் ஆக்ஸாலிக் அமிலம். பிளாஸ்டிக் டப்பாவில் 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டருக்கு 30 கிராம் தூள் கலந்து, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். போர்வெல் தண்ணீர் கூடவே கூடாது. அதிலுள்ள கால்சியம் அமிலத்தோடு சேர்ந்து இடுக்குகளில் வெள்ளையாகப் படிந்துவிடும், எடுப்பது பெரும்பாடு. தூள் நஞ்சு, கரைசலைச் சூடாக்காதீர்கள், ஆவி மூச்சில் ஏறும்.

கறை போனதும் அலசுவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். காக்காப்பொன் அடுக்குகளுக்குள் அமிலம் உறிஞ்சப்பட்டு நிற்கும், காய்ந்ததும் ஓரங்களில் மஞ்சள் பூக்கும். டிஸ்டில்டு வாட்டரைத் தினமும் மாற்றி ஊறவையுங்கள். ஒரு நாள் ஊறிய தண்ணீரிலும் நீல லிட்மஸ் தாள் சிவக்காமல் நீலமாகவே இருக்கும் நிலை வரும்வரை நிறுத்தாதீர்கள். பழைய கரைசலில் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அமிலத்தை முறித்த பிறகே அப்புறப்படுத்துங்கள்.

அல்ட்ராசோனிக் கருவி வேண்டாம். படிகத்துக்குள் திரவம் அடைபட்ட குழிகளும் விரிசல்களும் இருக்கும், அதிர்வில் அவை பெரிதாகும். காயவைக்க ஹேர் டிரையரும் வேண்டாம். நிழலில், காக்காப்பொன் தகடுகளின் ஓரம் கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்து வைத்தால் உள்ளே நின்ற தண்ணீர் தானாக வடியும்.