பாட்காஸ்ட் விருந்தினரை அழைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழில் நேர்காணல் பாட்காஸ்ட் தொடங்கும் இளைஞர்கள் என்னிடம் ஆலோசனை கேட்டு வருவதுண்டு. எந்த மைக் வாங்கலாம், எந்த மென்பொருளில் வெட்டி ஒட்டலாம் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். சற்று நேரத்தில் உண்மையான சிக்கல் வெளியே வரும். பேச ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தவர் பதில் எழுதவில்லை, பதில் எழுதியவர் சொன்ன நாளில் வரவில்லை. நாங்கள் தொடங்கிய காலத்தில் இடறிய கற்களிலேயே இவர்களும் இடறுகிறார்கள். கற்கள் இருக்கும் இடத்தைச் சொல்லிவைத்தால் சிலராவது சுற்றிப் போவார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெயரைத் தவறாக உச்சரிப்பது, பதிவுப் பொத்தானை அழுத்த மறப்பது போன்றவற்றை இங்கே சேர்க்கவில்லை. ஒருமுறை பட்டவர் மறுமுறை தாமே விழித்துக்கொள்வார். வருடக்கணக்கில் செய்துகொண்டிருந்தும் தவறு என்றே தெரியாமல் போகிறவற்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்லோரும் அழைத்தவரையே அழைப்பது

புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு குழுவின் பட்டியலிலும் ஏறத்தாழ அதே முகங்கள். யூடியூபில் ஏற்கெனவே பல மணி நேரம் பேசியவர்கள். அவர்கள் வந்தாலும் முன்பு சொன்ன அதே கதைகளை அதே வரிசையில் சொல்லிவிட்டுப் போவார்கள். அது அவர்கள் குற்றமல்ல. அதே கேள்விகளைத்தான் நாம் கேட்கிறோம்.

நல்ல விருந்தினர்கள் பெரும்பாலும் புத்தகங்களின் நன்றியுரைப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஓர் ஆய்வு நூலை எழுதியவரைவிட, "இந்தக் கல்வெட்டைக் காட்டிக்கொடுத்தவர்", "களப்பணியில் உடன் வந்தவர்" என்று அங்கே ஒரு வரியில் வந்துபோகும் மனிதரிடம் சொல்ல நிறைய இருக்கும். அவரை யாரும் கேட்டதே இல்லை என்பதால் ஒவ்வொரு சொல்லும் புதிதாக வரும். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அரை நாள் உட்கார்ந்து பழைய இதழ்களைப் புரட்டினால் பெயர்கள் கிடைக்கும். ஈழத்து எழுத்து, பதிப்பு, ஊர் வரலாறு என்றால் 'நூலகம்' என்ற நிறுவனத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும். சனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் பெரிய அரங்குகளைவிடச் சிறு பதிப்பாளர்களின் கடைகளில் நில்லுங்கள். யாருடைய கையெழுத்துப் படி தங்களிடம் வந்து காத்திருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பாராட்டில் தொடங்கிப் பாராட்டிலேயே முடியும் அழைப்பு

"ஐயா, உங்கள் பணி மகத்தானது, உங்களோடு உரையாடுவது எங்கள் பாக்கியம்" என்று மூன்று பத்தி எழுதி, கடைசியில் "வாய்ப்பிருந்தால் தெரிவிக்கவும்" என்று முடிக்கிறார்கள். எதற்கு வாய்ப்பு? எதைப் பற்றிப் பேச்சு? எவ்வளவு நேரம்? ஒலி மட்டுமா, முகமும் தெரியுமா? ஸ்டுடியோவுக்கு வர வேண்டுமா, வீட்டிலிருந்தே பேசலாமா? வர வேண்டும் என்றால் வண்டிக் கட்டணத்தை யார் கொடுப்பார்கள்? அறுபது எழுபது வயதைத் தாண்டியவர்கள் இந்தக் கடைசிக் கேள்வியை வாய் திறந்து கேட்க மாட்டார்கள். கேட்பதற்குப் பதிலாக, வராமல் இருந்துவிடுவார்கள்.

அழைப்பு பத்து வரிக்குள் அடங்க வேண்டும். நாங்கள் யார், உங்களை ஏன் அழைக்கிறோம், இன்ன பொருள், இத்தனை நிமிடம், இன்ன முறையில் பதிவு, இன்ன மாதம் வெளியாகும், செலவு எங்களுடையது. "ஏன் உங்களை" என்ற வரியில் அவர் எழுதியதில் அல்லது செய்ததில் ஒன்றை நீங்கள் உண்மையாகவே படித்திருப்பது தெரிய வேண்டும். "உங்கள் எல்லாப் படைப்புகளையும் விரும்பிப் படிப்பேன்" என்பது எதையும் படிக்காதவர் எழுதும் வரி என்று எழுத்தாளர்கள் அனைவருக்கும் தெரியும்.

கிடைத்த எண்ணுக்கு உடனே போன் போடுவது

எண்ணைக் கொடுத்தவரிடமே முதலில் அனுமதி கேட்கச் சொல்லுங்கள். முன்பின் தெரியாதவருக்குக் குரல் பதிவு அனுப்பவே கூடாது.

ஊரைச் சொல்லாமல் நேரத்தைச் சொல்வது

இந்த ஒன்றைத்தான் விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது. மற்ற தவறுகளில் நேரம் வீணாகும். இதில் மனிதர்களை இழக்கிறோம்.

தமிழ் பாட்காஸ்ட் செய்கிறவருக்குச் சென்னையிலும் மதுரையிலும் மட்டும் விருந்தினர் இருப்பதில்லை. டொராண்டோ, லண்டன், பாரிஸ், சிட்னி, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று பேச வேண்டியவர்கள் பரந்து கிடக்கிறார்கள். நம் கடிகாரமோ ஆண்டு முழுவதும் அசையாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சில ஆண்டுகள் முன்தள்ளி வைத்ததோடு சரி. இலங்கை 1996இல் நேரத்தை மாற்றி 2006இல் மறுபடியும் நம் நேரத்துக்கே வந்துவிட்டதால், யாழ்ப்பாணத்தோடு பேசும்போதும் கணக்குத் தேவையில்லை. இந்த வசதியிலேயே பழகியவர்களுக்கு, மற்ற நாடுகள் பலவற்றில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரம் நகர்கிறது என்பது செய்தியாகத் தெரியும். நாள் குறிக்கும்போது நினைவுக்கு வராது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சென்னையில் ஓர் இளைஞர் குழு, டொராண்டோவில் வாழும் ஒரு பெரியவரை மிகுந்த முயற்சிக்குப் பிறகு சம்மதிக்க வைத்தது. ஒரு காலத்தில் வானொலி நாடகங்களுக்கு ஒலி அமைத்தவர். மழையையும் ரயிலையும் குதிரைக் குளம்பையும் எதை வைத்து உண்டாக்கினார்கள் என்று சொல்வதற்கு அவர் தலைமுறையில் மிகச் சிலரே மிச்சம். நவம்பர் முதல் ஞாயிறு இரவு 8.30 மணிக்கு, டொராண்டோ நேரப்படி, பதிவு என்று முடிவாயிற்று. அக்டோபர் முழுவதும் கனடா விருந்தினர்களோடு பேசிப் பழகிய குழு, வழக்கமான ஒன்பதரை மணி நேரத்தைக் கூட்டித் திங்கள் காலை 6 மணி என்று தங்களுக்குள் எழுதிக்கொண்டது. அந்த ஞாயிறு அதிகாலைதான் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியிருந்தார்கள். இடைவெளி பத்தரை மணி நேரமாகியிருந்தது.

காலை 6 மணிக்குக் குழு இணைப்பில் உட்கார்ந்தது. அப்போது டொராண்டோவில் இரவு 7.30. அரை மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு, "நீங்கள் வரவில்லை ஐயா, வேறொரு நாள் பார்க்கலாம்" என்று செய்தி அனுப்பிவிட்டு அவரவர் வேலைக்குக் கிளம்பினார்கள். வானொலியில் நொடிக்குக் கட்டுப்பட்டு வேலை செய்த அந்தப் பெரியவர், சரியாக 8.30க்கு, சட்டை மாற்றிக்கொண்டு, மகளை உதவிக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அங்கே யாரும் இல்லை. தாம் வரவில்லை என்ற செய்திதான் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் எந்த அழைப்புக்கும் பதில் தரவில்லை. நான் பேசிப் பார்த்தேன், மரியாதையாக மறுத்துவிட்டார். அவருடைய நினைவுகள் எந்தப் பதிவிலும் இல்லை. குழுவில் ஒருவர் என்னிடம், "ஒரு மணி நேர வித்தியாசம்தானே, இதற்குப் போய் இவ்வளவு கோபமா" என்று கேட்டார். அந்தக் கேள்வியை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. நேரத்தைக் கணக்கிட வேண்டிய கடமை அழைத்தவருடையது. அழைக்கப்பட்டவர் தம் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால் போதும் என்ற நிலையில் அவரை வைத்திருக்க வேண்டும்.

இனி கணக்கு. அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலான இடங்களில் 2007 முதல், மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் தள்ளுகிறார்கள். பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகளிலும் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். ஆகவே டொராண்டோ நமக்குக் கோடையில் ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. லண்டன் நாலரை, ஐந்தரை. பாரிஸ் மூன்றரை, நாலரை. சிட்னியும் மெல்போர்னும் தென் அரைக்கோளத்தில் இருப்பதால் கணக்கு தலைகீழ்: அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை நமக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால், மற்ற மாதங்களில் நாலரை. பிரிஸ்பேன் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை; எப்போதும் நாலரை. சிங்கப்பூரும் மலேசியாவும் எப்போதும் இரண்டரை மணி நேரம் முன்னால்.

லண்டனிலிருந்து ஒருவர், டொராண்டோவிலிருந்து ஒருவர் என்று இருவரை ஒன்றாக அழைப்பவர்கள் மார்ச் நடுவிலும் அக்டோபர் கடைசியிலும் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். ஒருவர் ஊரில் கடிகாரம் மாறியிருக்கும், மற்றவர் ஊரில் மாறியிருக்காது. முடிந்தால் அந்த வாரங்களில் மூவழிப் பதிவே வைக்காதீர்கள்.

செய்தியை இப்படி எழுதுங்கள்: "நவம்பர் 2, ஞாயிறு, டொராண்டோ நேரம் இரவு 8.30. இந்தியாவில் அது நவம்பர் 3, திங்கள், காலை 7.00." இரண்டு ஊர், இரண்டு தேதி, இரண்டு கிழமை. விருந்தினரின் ஊர் முதலில் வர வேண்டும். காலண்டர் செயலியில் பதியும்போது மணி வித்தியாசத்தை மனத்தில் கூட்டிக் கழிக்காமல் ஊரின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். கடிகார மாற்றத்தை அது பார்த்துக்கொள்ளும். மூன்றெழுத்துச் சுருக்கங்களை நம்பாதீர்கள். ஐஎஸ்டி (IST) என்பது இந்தியாவுக்கும் உண்டு, இஸ்ரேலுக்கும் உண்டு, கோடையில் அயர்லாந்துக்கும் உண்டு.

நள்ளிரவு இன்னொரு குழி. நம் பேச்சு வழக்கில் விடியும்வரை முந்தைய நாள்தான். "சனிக்கிழமை ராத்திரி ஒரு மணி" என்று ஒருவர் சொன்னால், காலண்டரில் அது ஞாயிறு. 12 மணி, 1 மணி என்று பதிவு வைக்கவே வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் "சனி முடிந்து ஞாயிறு பிறக்கும் இரவு" என்று முழுதாக எழுதுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் விருந்தினர் வரவில்லையா? முதலில் உங்கள் கணக்கைச் சந்தேகியுங்கள். "நாங்கள் இணைப்பில் இருக்கிறோம், நேரத்தை நாங்கள் தவறாகக் கணக்கிட்டிருக்கலாம்" என்று எழுதிவிட்டு இன்னொரு மணி நேரம் அங்கேயே இருங்கள். "நீங்கள் வரவில்லை" என்ற வாக்கியத்தை எந்தச் சூழ்நிலையிலும் அனுப்பாதீர்கள்.

கேள்விகளை முழுதாக அனுப்புவது

தலைப்புகளை மட்டும் அனுப்புங்கள். கேள்விகளை அனுப்பினால் பதிலை எழுதிவைத்துப் படிப்பார்கள்.

"உங்களுக்கு எப்போது வசதி?" என்று விட்டுவிடுவது

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவதே விருந்தினருக்கு ஒரு வேலை. தள்ளிவைப்பார், மறப்பார். மூன்று நாள், மூன்று நேரம் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அந்த மூன்றைக் குறிப்பதற்கு முன் அவருடைய ஆண்டு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். கர்நாடக இசைக் கலைஞரை டிசம்பர் நடுவில் கூப்பிடாதீர்கள். பள்ளி ஆசிரியரைப் பொதுத்தேர்வு மாதங்களில் கூப்பிடாதீர்கள். டெல்டாவில் சம்பா அறுவடை நடக்கும் தை மாதத்தில் விவசாயி உங்களோடு ஒரு மணி நேரம் உட்கார மாட்டார். மாறாக, கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். கடல் அனுபவம் கேட்க அதைவிட நல்ல காலம் கிடையாது. வலை சரிசெய்துகொண்டே பேசுவார்கள். ஆனால் கையில் வருமானம் இல்லாத நாட்கள் அவை என்பதை மறவாமல், அவருடைய நேரத்துக்கு உரிய தொகையைக் கொடுங்கள்.

வெள்ளி மதியம் சிலருக்குத் தொழுகை, ஞாயிறு காலை சிலருக்குத் திருப்பலி. ராகு காலத்தில் புதிதாக எதையும் தொடங்காதவர்கள் ஏராளம். ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை என்று நீங்கள் கேட்டால் காரணம் சொல்லாமல் மறுப்பார்கள். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா என்பது இங்கே பொருட்டே அல்ல. ஆடி மாதத்தில் அம்மன் கோயில் பக்கத்து வீடு என்றால் ஒலிபெருக்கி ஓய்ந்த நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளையும் முதல்நாளே பார்த்துவிடுங்கள்.

நினைவூட்டாமல் இருப்பது

முதல்நாள் மாலை ஒருமுறை. அன்று காலை ஒருமுறை. இணைப்பை இரண்டிலும் சேர்த்து அனுப்புங்கள்.

பதில் வராதவரை விரட்டுவது

பத்து நாள் இடைவெளியில் இரண்டாம் முறை கேட்கலாம். மூன்றாவது வேண்டாம்.

பதிவு முடிந்ததும் மறைந்துபோவது

பேச்சு நன்றாக அமைந்துவிட்ட மகிழ்ச்சியில் எல்லோரும் இதைச் செய்கிறார்கள். விருந்தினர் வீட்டில் சொல்லிவைத்திருப்பார், ஊரில் சொல்லிவைத்திருப்பார். எபிசோட் எப்போது வரும் என்று அவரிடம் நாலு பேர் கேட்பார்கள். வெளியாகும் வாரத்தை அன்றே சொல்லுங்கள். தள்ளிப்போனால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்னதில் எதையாவது நீக்க வேண்டும் என்று கேட்டால், எந்த நாள்வரை கேட்கலாம் என்பதும் தெளிவாக இருக்கட்டும். வெளியான அன்று இணைப்பை அனுப்பும்போது, "இந்தப் பொருளில் நாங்கள் அடுத்து யாரிடம் பேச வேண்டும்?" என்று கேளுங்கள். அவர் தரும் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. அவரே போன் செய்து நம்மைப் பற்றிச் சொல்லியும் வைப்பார்.