வன்னியில் கற்பித்துக்கொண்டே கல்வியியல் முதுமாணி: எங்கிருந்து தொடங்குவது?

பட்டம் முடித்து, நியமனம் கிடைத்து, துணுக்காயிலோ புதுக்குடியிருப்பிலோ நெடுங்கேணியிலோ ஒரு பாடசாலையில் நிலைகொண்ட பிறகு பல ஆசிரியர்களுக்கு மேலே படிக்கும் எண்ணம் வருகிறது. வந்ததும் முதலில் கேட்பது, “எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?” என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் பொறுத்துக் கேட்கலாம். உங்கள் வகுப்பறையில் உங்களை உறுத்தும் ஒரு கேள்வி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாமல் சேர்ந்தவர்கள்தான் பாடங்களில் சித்தியடைந்தும் ஆய்வேட்டை முடிக்காமல் இழுபடுகிறார்கள்.

முதலாவது படி: ஏணியில் நீங்கள் நிற்கும் இடம்

கல்வி சாராத துறையில் பட்டம் பெற்ற ஆசிரியர் வழக்கமாக முதலில் செய்வது பட்டப்பின் கல்வி டிப்ளோமா. அதன் பிறகே முதுமாணி. கல்விமாணிப் பட்டம் உள்ளவர்களுக்கு வழி வேறு. ஒவ்வொரு நிறுவனமும் தன் அறிவித்தலில் தகைமையைத் தெளிவாகச் சொல்லும்; ஆசிரியர் அறையில் யாரோ சொன்னதை நம்பி விண்ணப்பக் கட்டணம் கட்டாதீர்கள்.

நாட்டின் உயர்கல்வித் தகைமைகளை மட்டங்களாக அடுக்கும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டம். பாடநெறியால் மட்டும் பெறும் முதுமாணி 9ஆம் மட்டம், 30 திறமைப்புள்ளிகள். ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டம், 60 புள்ளிகள். பின்னாளில் முதுதத்துவமாணி, கலாநிதி என்று போக நினைப்பவர் ஆய்வுள்ள முதுமாணியையே எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. பதவி உயர்வுக்கு மட்டும் என்றால், சேவைப் பிரமாணக் குறிப்பை எடுத்து எந்தத் தகைமைக்கு என்ன கிடைக்கிறது என்று வாசித்துவிட்டுத் தீர்மானியுங்கள்.

இரண்டாவது படி: நேரத்தையும் பணத்தையும் கணக்கிடுதல்

அந்தச் சட்டகத்தின்படி ஒரு திறமைப்புள்ளி என்பது 50 மணி நேரக் கற்றல். வகுப்பில் இருப்பது, வாசிப்பது, ஒப்படை எழுதுவது எல்லாம் இதற்குள் அடக்கம். 30 புள்ளிகள் என்றால் 1500 மணி நேரம். இரண்டு வருடங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஏறத்தாழ 15 மணி நேரம். பயணம் இதில் சேரவில்லை. முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர் பரந்தன் வரை ஒரு வீதி, அங்கிருந்து ஏ-9 என்று போய் வரும்போதே நாளின் பெரும்பகுதி கழிந்துவிடும். பஸ்ஸில் படிக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். நின்றுகொண்டு வருபவருக்கு அது நடக்காது.

இலவசக் கல்வி முதற்பட்டத்தோடு நின்றுவிடுகிறது. இதற்குக் கட்டணம் உண்டு. அதைத் தவணைகளாகக் கட்டலாமா என்று சேரும் முன்பே கேளுங்கள்.

மூன்றாவது படி: நிறுவனம்

வவுனியாப் பல்கலைக்கழகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இருக்கின்றன. ஆனாலும் அவை பிரயோக விஞ்ஞானம், வணிகம், தொழில்நுட்பம், விவசாயம், பொறியியல் சார்ந்தவை. கல்வியியலுக்கு வன்னி ஆசிரியர்கள் பெரும்பாலும் நாடுவது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், திறந்த பல்கலைக்கழகம், மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் ஆகியவற்றைத்தான். மொழிமூலம், வகுப்பு நடக்கும் நாள், வகுப்பு நடக்கும் ஊர் மூன்றையும் விசாரித்த பிறகே தெரிவு செய்யுங்கள்.

பட்டச் சான்றிதழ், பெறுபேற்று அட்டவணை, நியமனக் கடிதம், சேவை நிரந்தரமாக்கல் கடிதம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள். விண்ணப்பம் அதிபர், வலயக் கல்விப் பணிப்பாளர் ஊடாகப் போக வேண்டியிருந்தால், முடிவுத் திகதிக்கு முதல் வாரம் கொண்டுபோய்க் கொடுப்பது வீண். கையொப்பத்துக்கு மேசை மேசையாக அலைய வேண்டி வரும்.

நான்காவது படி: கேள்வியைச் சிறிதாக்குதல்

இதுதான் மெய்யான வேலை. “வன்னி மாணவர்களின் கல்விப் பின்னடைவுக்கான காரணங்கள்” என்று தலைப்புப் போடுகிறவர்கள் ஏராளம். அதை ஒருவர் ஒரு வருடத்தில் ஆராய்ந்து முடிக்க முடியாது. விடையும் எல்லோருக்கும் தெரிந்த வறுமை, போர், ஆசிரியர் பற்றாக்குறை என்று வந்து நிற்கும்.

அதற்குப் பதிலாக உங்கள் வரவு இடாப்பை எடுத்துப் பாருங்கள். அறுவடைக் காலத்தில் யார் வராமல் விடுகிறார்கள்? திரும்பி வந்ததும் எந்தப் பாடத்தில் தடுமாறுகிறார்கள்? அல்லது வாசிப்பைப் பாருங்கள். தரம் 4 பிள்ளை ஒருத்தி, “குளத்து நீர் வயலுக்குப் பாய்ந்தது” என்று பிசகின்றி வாய்விட்டு வாசிக்கிறாள். நீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வசனத்தை மீண்டும் முதலிலிருந்து வாசிக்கிறாள். எழுத்து தெரிகிறது, பொருள் பிடிபடவில்லை. இப்படி எட்டுப் பேர் இருந்தால் உங்களுக்கு ஆய்வுக் கேள்வி கிடைத்துவிட்டது: தினமும் இருபது நிமிடம் சோடியாக வாசித்து, ஒருவர் மற்றவரிடம் கேள்வி கேட்கச் செய்தால், ஒரு தவணையில் விளக்கம் முன்னேறுமா?

தொடங்குமுன் ஒரு பந்தி கொடுத்துச் சோதியுங்கள். முடிவில் அதே தரத்தில் வேறொரு பந்தி. இடையில் ஒவ்வொரு நாளும் குறிப்பேட்டில் நான்கு வரி. திட்டமிடு, செய், அவதானி, மீள நோக்கு என்று சுழலும் இந்த முறைக்குச் செயல்நிலை ஆய்வு என்று பெயர். 1946இல் உளவியலாளர் கேர்ட் லெவின் எழுதிய கட்டுரைக்குப் பின் பரவலான சொல் அது. ஆய்வு முறையியல் வகுப்பில் இதை விரிவாகப் படிப்பீர்கள்.

ஐந்தாவது படி: அனுமதியும் எல்லையும்

அதிபரின் அனுமதி, வலயத்தின் அனுமதி, பெற்றோரின் சம்மதம் மூன்றையும் எழுத்தில் பெறுங்கள். உங்கள் மாணவர் உங்களுக்கு மறுப்புச் சொல்லத் தயங்குவார்கள். ஆகவே பங்குபற்றாவிட்டால் புள்ளி குறையாது என்பதைப் பிள்ளைக்கும் வீட்டாருக்கும் வாயாலும் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2009இன் இழப்புகளை விசாரிக்கும் வினாக்கொத்துகள் இந்த மண்ணில் அளவுக்கு மிஞ்சிப் போயின. வாசிப்பைப் பற்றி ஆராய்கிறவருக்கு, வீட்டில் யார் காணாமற்போனார் என்ற வினா எதற்கு? தேவைப்படாத வினாவை நீக்குங்கள். ஆய்வேட்டில் பிள்ளைகளின் பெயரை மட்டுமன்றி, சிறிய ஊர் என்றால் பாடசாலையின் பெயரையும் மறைத்துவிடுங்கள். எட்டுப் பேர் யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும்.

ஆறாவது படி: காலத்தைத் தெரிவு செய்தல்

இல்ல மெய்வல்லுநர் போட்டி நடக்கும் தவணையில் தரவு சேகரிக்கத் தொடங்காதீர்கள். கார்த்திகை, மார்கழியில் மழை கொட்டும். வீதி மூடினால் வகுப்பே நடக்காது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு தவணைக்குள் வகுப்பறை வேலையை முடித்துவிடுங்கள். நடுவில் இடமாற்றக் கடிதம் வந்தால் அந்த எட்டுப் பிள்ளைகளையும் உங்களோடு கூட்டிப்போக முடியாது. தரவு கையில் இருந்தால், மிச்சத்தை மன்னார் மடுவிலிருந்தும் எழுதி மேற்பார்வையாளருக்கு அனுப்பலாம்.