விற்ற புடவையோடு உறவு முடியக் கூடாது என்றால்

சின்னாளப்பட்டியில் சுங்குடிப் புடவை விற்கிறேன். புது ஆள் பிடிக்க இன்ஸ்டாகிராம் உதவும். வாங்கியவர் மறுபடி வர, வாட்ஸ்அப் பிசினஸ்தான்.

பில் போடும்போதே, "அக்கா, நம்ம கடை நம்பரை சேவ் பண்ணிக்குங்க" என்று சொல்லிவிடுங்கள். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்குத்தான் செய்தி போகும். குரூப் மட்டும் வேண்டாம். ஒருவர் பேரம் பேசுவதை ஊரே பார்க்கும், அப்புறம் குட் மார்னிங் படங்கள் குவியும்.

அடுத்து லேபிள், அதாவது வாடிக்கையாளர்களை வகை பிரிக்க ஆப்பில் ஒட்டும் அடையாளம். நான் ஊர் பார்த்துப் பிரிப்பதில்லை, எதற்காக வாங்குகிறார்கள் என்று பார்த்துப் பிரிக்கிறேன். 'டீச்சர்' என்று ஒரு லேபிள் உண்டு. பள்ளி திறக்கும் முன், மே கடைசியில் அவர்களுக்கு அனுப்ப வேண்டும். தீபாவளிக்கு அனுப்பிப் பயனில்லை, பட்டுக்கடைக்குப் போய்விடுவார்கள்!

படத்தைப் பகலில், வாசல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல் எடுங்கள். நிறம் மாறித் தெரிந்தால் புடவை திரும்பி வரும். விலையையும் சேர்த்தே போடுங்கள். "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்பதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல்.

ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், புதுச் சரக்குக்கு அதுவே சரி.

பார்சல் கிடைத்ததும் விற்பனைப் பேச்சு எதுவும் இல்லாமல் ஒரு வரி அனுப்புங்கள்: "முதல் தடவை உப்புத் தண்ணீரில் தனியாக அலசுங்க, நிழலில் காய வைங்க." இதற்கு வரும் பதில்களில்தான் அடுத்த ஆர்டரும் வரும்.