வெளிநாட்டு அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம்: தொடக்க நிலையினருக்கு ஒரு செய்முறை விளக்கம்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்துக் குடும்பங்களில், வெளிநாட்டு அரசுப் பல்கலைக்கழகம் என்றதும் நம் ஊர் அரசுக் கல்லூரிக் கட்டணத்தை மனத்தில் வைத்துக் கணக்குப் போடும் வழக்கம் இன்றும் உண்டு. அங்கே கட்டணம் உருவாகும் விதமே வேறு என்பதால், விண்ணப்பிக்கும் முன் அதைக் கீழ்க்காணும் வரிசையில் ஆராய்வது நல்லது.

படி 1: கட்டணத்தை நிர்ணயிப்பவர் யார்?

அரசுப் பல்கலைக்கழகத்திற்கு மானியமாகப் போவது அந்நாட்டு மக்களின் வரிப்பணம். அந்த மானியத்தில் பங்கில்லாத வெளிநாட்டு மாணவரிடம் தனிக் கட்டணம் கேட்பதற்கு அதுவே அடிப்படை. ஆனால் அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் நாட்டுக்கு நாடு வேறுபடும்.

ஜெர்மனியில் அது மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 குளிர்காலப் பருவம் (செமஸ்டர்) முதல் ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்திற்கு 1,500 யூரோ வாங்குகிறது; வேறு பல மாநிலங்களில் கல்விக் கட்டணமே இல்லை. பவேரியாவிலோ முடிவு பல்கலைக்கழகங்களின் கையில் இருப்பதால், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 முதல் கட்டணம் வசூலிக்கிறது. எனவே “ஜெர்மனி இலவசம்” என்று முகவர் சொன்னால், எந்த மாநிலம், எந்தப் பல்கலைக்கழகம் என்று திருப்பிக் கேளுங்கள். முன்பு கட்டணமே கேட்காத நார்வேயும் 2023 முதல் கேட்கிறது.

பிரிட்டனில் இங்கிலாந்து மாணவரின் இளநிலைக் கட்டணத்திற்கு அரசின் உச்சவரம்பு உண்டு. வெளிநாட்டவருக்கு அந்த வரம்பு இல்லை. ஆதலால் படிப்புக்கான தேவை, ஆய்வகச் செலவு, போட்டிப் பல்கலைக்கழகங்களின் கட்டணம் ஆகியவற்றைப் பார்த்துப் பல்கலைக்கழகமே துறைவாரியாக விலை வைக்கிறது. மருத்துவம் உச்சத்தில் இருப்பது இதனால்தான். அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் பெரும்பாலும் வெளிமாநிலத்தவர் கட்டணத்தையே செலுத்துகிறார். சில இடங்களில் அதற்கு மேலும் ஒரு தொகை சேரும்.

படி 2: நீங்கள் எந்த வகையில் வருகிறீர்கள்?

உள்நாட்டு மாணவரா, வெளிநாட்டு மாணவரா என்ற வகைப்பாட்டைக் குடியுரிமை, நிரந்தர வசிப்புரிமை, விசா ஆகியவை தீர்மானிக்கின்றன. இதே தர்க்கத்தை நம் பக்கத்திலேயே காணலாம். திருச்சி என்.ஐ.டி. (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) போன்றவற்றில், வெளிநாட்டிலிருந்து வரும் மாணவரை நேரடியாகச் சேர்க்கும் ‘டாசா’ திட்டத்தில் கட்டணம் டாலரில் உயர்வாக இருக்க, வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்தியரின் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு வைத்து உள்நாட்டு அளவிலான கல்விக் கட்டணமே வாங்கப்படுகிறது. நம் மாவட்டங்களிலிருந்து வளைகுடா சென்றவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

படி 3: கல்விக் கட்டணத்தோடு சேர வேண்டியவை

பருவக் கட்டணம் (கல்விக் கட்டணம் தவிர ஒவ்வொரு பருவத்திற்கும் செலுத்துவது), மருத்துவக் காப்பீடு, மாணவர் சேவைக் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியே குறித்துக் கூட்டுங்கள். பிரிட்டன் விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கேட்கிறது. ஜெர்மனி விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதம் குறிப்பிட்ட அளவே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரில் 11,904 யூரோ ஆனது. இது கட்டணமன்று, மாதந்தோறும் உங்களுக்கே திரும்பி வரும் செலவுப் பணம்.

படி 4: இரண்டாம் ஆண்டுக் கட்டணம்

முதல் ஆண்டுத் தொகை படிப்பு முடியும்வரை மாறாதா, ஆண்டுதோறும் உயருமா என்பதைச் சேர்க்கைக் கடிதத்தில் பாருங்கள். வங்கியில் கல்விக் கடன் தொகையைக் கேட்கும்போது ரூபாய் மதிப்பு இறங்குவதற்கும் இடம் விட்டுக் கேளுங்கள்.

படி 5: செலுத்தும் தேதி

முன்பணமும் முதல் தவணையும் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பருக்குள் கேட்கப்படும். குறுவை அப்போது வயலில்தான் நிற்கும், சம்பாப் பணமோ தை மாதத்தில்தான் கைக்கு வரும். ஆகவே தவணை முறை உண்டா, விசா மறுக்கப்பட்டால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற இரண்டையும் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்துப்பூர்வமான பதில் வந்த பின்னரே பணம் அனுப்புங்கள்.