சர்வதேச டார்ட்ஸ் போட்டிக்குப் பிள்ளையை அனுப்பும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை கம்மனஹள்ளியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் நின்று, எட்டுப் பிள்ளைகள் டார்ட் எறிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2025 ஜனவரியில் லூக் லிட்லர் 17 வயதில் மைக்கேல் வான் கெர்வனை 7-3 என்று வென்று உலக சாம்பியன் ஆனதிலிருந்து இந்த ஆசை பெங்களூரில் பல வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. எட்டுப் பேருக்கும் வெளிநாட்டு இளையோர் போட்டியில் ஆட வேண்டும். எட்டுப் பேரும் ஒரு காலத்தில் நான் செய்த தவறுகளை ஒன்றுவிடாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

எறியும் கோட்டை மிதிப்பது, எறியும்போது உடம்பை ஆட்டுவது இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

டைல்ஸை எண்ணி அளப்பது

போர்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரம். எறியும் கோடு போர்டின் முகத்திலிருந்து 2.37 மீட்டர். முகத்திலிருந்து, சுவரிலிருந்து இல்லை. சுவரிலிருந்து அளந்தால் போர்டின் தடிமன் அளவுக்குப் பிள்ளை முன்னால் வந்து நிற்கும்.

நம் ஊர் ஃபிளாட்டுகளில் இன்னொரு வழக்கம் உண்டு. இரண்டடி டைல்ஸ்தானே, நான்கு எண்ணினால் சரியாக வரும் என்று அப்பாக்கள் கோடு போட்டுவிடுவார்கள். நான்கு டைல்ஸ் எட்டடி, அதாவது 2.44 மீட்டர். அது பிளாஸ்டிக் முனை டார்ட் எறியும் எலக்ட்ரானிக் போர்டுக்கான தூரம். இரும்பு முனைப் போட்டியில் 7 சென்டிமீட்டர் முன்னால் நிற்க வேண்டியிருக்கும், டார்ட் எல்லாம் வழக்கத்தைவிட மேலே போய்க் குத்தும். விழுந்தால் எண்ணை மூன்று மடங்காக்கும் ட்ரிபிள் வளையத்தின் அகலமே 8 மில்லிமீட்டர்தான். டேப் எடுத்து அளந்துவிடுங்கள். நூலில் ஒரு சாவியைக் கட்டிப் போர்டின் முகத்திலிருந்து தொங்கவிட்டால், எங்கிருந்து அளக்க வேண்டும் என்று தரையிலேயே தெரியும்.

கணக்கைப் போனிடம் கொடுப்பது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும் தவறு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முறைக்கு மூன்று டார்ட் எறிந்து, விழும் எண்களை 501-லிருந்து கழித்துக்கொண்டே வந்து சரியாகப் பூஜ்யத்தில் முடிக்க வேண்டும். கடைசி டார்ட் டபுளில், அதாவது எண்ணை இரட்டிப்பாக்கும் வெளி வளையத்தில், விழ வேண்டும். நடுப்புள்ளியின் 50-ம் டபுள் கணக்குத்தான். பூஜ்யத்தைத் தாண்டினாலோ, 1 மிஞ்சினாலோ அந்த முறை எறிந்தது முழுவதும் செல்லாது, பழைய எண்ணுக்கே திரும்ப வேண்டும். ஆக, பாதி ஆட்டம் கை, பாதி ஆட்டம் கழித்தல்.

இப்போது பிள்ளைகள் எல்லோரும் ஆப்பை வைத்துப் பயிற்சி செய்கிறார்கள். 76 மிச்சம் என்றால், ட்ரிபிள் 20, பிறகு டபுள் 8 என்று திரையே காட்டிவிடுகிறது. நான் கற்றுக்கொண்ட காலத்தில் ஆப் இல்லை. ஆனால் நான் பழகியது பப்பில் இருந்த எலக்ட்ரானிக் போர்டில், அதுவும் இதே வேலையைத்தான் செய்தது. மூன்று வருடம் எண்களைப் பற்றி யோசிக்காமலே ஜெயித்துக்கொண்டிருந்தேன். முதல் இரும்பு முனைப் போட்டியில் சாக்பீஸ் பலகைக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்குக் கழித்தலே வராது என்று தெரிந்தது.

மேடையில் நடுவரிடம் எவ்வளவு மிச்சம் என்று கேட்கலாம், சொல்வார். ஆனால் அதை எப்படி முடிப்பது என்று சொல்ல மாட்டார். "32" என்பார், "டபுள் 16" என்பது அவர் வாயிலிருந்து வரக் கூடாது. அதுதான் விதி.

என்னிடம் பழகிய 13 வயதுப் பையன் ஒருவன், நல்ல கை. ஒரு தேர்வுப் போட்டியில் 76 மிச்சம் வைத்து நின்றான். முதல் டார்ட்டை ட்ரிபிள் 20-க்குக் குறி வைத்தான், அது பக்கத்து 5-ல் விழுந்தது. மிச்சம் 71, கையில் இரண்டு டார்ட். ட்ரிபிள் 13, டபுள் 16 என்று முடித்திருக்கலாம். அவனுக்குத் தெரியவில்லை. திரும்பி அப்பாவைப் பார்த்தான். அப்பா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். பையன் மறுபடியும் 20-க்கே எறிந்தான், ஒற்றை 20 விழுந்தது, மிச்சம் 51. சரி, இந்த இடத்திலாவது 19 எறிந்து 32-ஐ வைத்துவிட்டு வந்திருக்கலாம். மூன்றாவதும் 20-க்கே போனது. 31 என்று ஒற்றைப்படை எண்ணோடு இறங்கினான். எதிரே ஆடிய பிள்ளை 40 மிச்சம் வைத்திருந்தது, வந்து முடித்துவிட்டுப் போனது. எறிந்த கையில் குறையில்லை. முதல் டார்ட் தவறினால் என்ன செய்வது என்பதை ஆப் எப்போதும் உடனே மாற்றிக் காட்டிவிட்டதால், அவன் ஒருநாளும் அதை யோசித்ததே இல்லை.

32-ஐ ஏன் எல்லோரும் விரும்புகிறார்கள் என்பதையும் பிள்ளைக்கு விளக்குங்கள். டபுள் 16 உள்பக்கமாகத் தவறி ஒற்றை 16 விழுந்தால் டபுள் 8, அதுவும் தவறினால் டபுள் 4, அப்புறம் 2, அப்புறம் 1. பாதி பாதியாகக் கடைசிவரை போகலாம். டபுள் 20 அப்படி இல்லை; 10, 5 என்று இறங்கியதும் ஒற்றைப்படையில் மாட்டிக்கொள்ளும். மூன்று டார்ட்டில் முடிக்கக்கூடிய பெரிய எண் 170. ஆனால் 169, 168, 166, 165, 163, 162, 159 இந்த ஏழையும் எப்படி எறிந்தாலும் மூன்றில் முடிக்க முடியாது. ஏழையும் நெட்டுரு போட வைத்துவிடுங்கள்.

எங்கள் பயிற்சி பெரும்பாலும் சில்க் போர்டு சிக்னலில்தான் நடக்கிறது. வண்டி நகரப் போவதில்லை, நேரத்துக்குப் பஞ்சமில்லை. முன்னால் நிற்கும் வண்டியின் நம்பரில் கடைசி இரண்டு எண். 41? "9, டபுள் 16, அங்கிள்." 57? "17, டபுள் 20." 99? கொஞ்சம் யோசித்துவிட்டு, "ட்ரிபிள் 19, பத்து, டபுள் 16." ஆட்டோக்காரர் திரும்பிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

ட்ரிபிள் 20-ஐயே கட்டிக்கொண்டு அழுவது

20-க்கு இரண்டு பக்கமும் 5, 1. மூன்று டார்ட்டும் மூன்றிலும் சிதறினால் 26. இடது பக்கம் 14-க்கு எறிந்தால் பக்கத்தில் 11-ம் 9-ம். அதே சிதறலுக்கு 34. கை நிலைக்கும்வரை புதியவர்கள் அங்கே எறியலாம். பிள்ளைகள் கேட்க மாட்டார்கள், டிவியில் எல்லோரும் மூன்று டார்ட்டையும் ட்ரிபிள் 20-ல் போட்டு 180 அடிக்கிறார்கள்.

விலை உயர்ந்த டங்ஸ்டன் டார்ட்

முதல் வருடம் பித்தளை போதும்.

பெட்டி கட்டுவது

பல போட்டிகளில் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு மேடை ஏற விட மாட்டார்கள். உடை விதியைப் படித்துவிட்டுத் துணியை எடுத்து வையுங்கள்.

விமான நிலையம்

டார்ட் உறையைக் கைப்பையில் வைக்காதீர்கள். செக்-இன் பெட்டியில் போடுங்கள். என் முதல் செட் எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள்.