கல்லூரி வகுப்பைக் கலையாமல் வைத்திருப்பது எப்படி?

கல்லூரி முடித்து முப்பது ஆண்டுகள் கழித்தும் ஒரு வகுப்பு தொடர்பில் இருக்கிறதென்றால், அதற்குக் காரணம் பெரும்பாலும் வாட்ஸ்அப் குழு அன்று. யாரோ ஒருவர் பொறுப்பாகப் பேணிவரும் பெயர்ப் பட்டியலே. குழுவில் இருப்பவர் யாரென்று குழு காட்டும். எண்ணை மாற்றியவர், மனத்தாங்கலில் வெளியேறியவர், முதலிலிருந்தே சேராதவர் யாரென்று பட்டியல்தான் காட்டும். ஆகவே சந்திப்புக்கு மண்டபம் தேடுவதற்கு முன் பட்டியலை எழுதி முடியுங்கள்.

1990களில் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஒன்றில், ஒரே துறையில் அறுபது பேராகப் படித்த வகுப்பை எடுத்துக்கொள்வோம். பட்டியலின் முதல் பத்தியில் பெயருக்கு முன்பாக ரோல் நம்பரை எழுத வேண்டும். ஒரே வகுப்பில் மூன்று செந்தில்குமார்கள் இருப்பது நம்மிடையே வியப்பில்லை; அவர்களைப் பிரித்துக் காட்டியது இனிஷியல்தான். அந்த இனிஷியலோ நிலையானதன்று. திருமணத்துக்குப் பின் பெண்கள் பலருக்குத் தந்தையின் இனிஷியல் போய்க் கணவரின் பெயர் சேர்ந்துவிடுகிறது. வெளிநாடு சென்றவர்கள் சிலரின் கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் முன்னே நின்று, அலுவலகத்தில் அவர்கள் அப்பா பெயராலேயே அழைக்கப்படுகிறார்கள். லிங்க்ட்இன்னிலும் பேஸ்புக்கிலும் பழைய பெயரை இட்டுத் தேடியவர்களுக்கு இப்படிப்பட்டவர்கள் எப்படி அகப்படுவார்கள்? எனவே கல்லூரிக் காலப் பெயர், இப்போதைய பெயர், சொந்த ஊர், விடுதியில் தங்கியவரா வீட்டிலிருந்து வந்தவரா என்பதையெல்லாம் தனித்தனிப் பத்திகளில் குறித்துக்கொள்ளுங்கள். பட்டப்பெயரையும் குறிக்கலாம், தேடும்போது உதவும். ஆனால் அந்தப் பத்தியைப் பொதுவில் பகிர வேண்டாம். பத்தொன்பது வயதில் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்ட பெயரை ஐம்பது வயதில் பிள்ளைகள் முன்னால் கேட்க எல்லாருக்கும் மனம் வருவதில்லை.

டிப்ளமோ முடித்து இரண்டாம் ஆண்டில் வந்து சேர்ந்தவர்கள், இடையில் படிப்பை நிறுத்தியவர்கள், அரியர் வைத்துப் பிந்திப் பட்டம் வாங்கியவர்கள் ஆகியோரையும் விடாமல் எழுதுங்கள். இவர்கள் தாமாக வந்து சேரத் தயங்குவார்கள்; அழைக்க வேண்டியது பட்டியல் வைத்திருப்பவரின் கடமை. காணாமல் போனவரைத் தேட, துறையின் குழுப் படத்தின் கீழே அச்சிட்ட பெயர்களும், ஆட்டோகிராப் நோட்டில் எழுதிய ஊர் முகவரிகளும் இன்னமும் நல்ல துணை. குடும்பம் இடம் மாறியிருந்தாலும், அந்தத் தெருவில் விசாரித்தால் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று சொல்ல ஒருவராவது இருப்பார். அதே ஊர்க்காரரான மற்றொரு தோழரிடம் இந்த வேலையை ஒப்படைத்தால் பாதி முடிந்த மாதிரி.

எண் கிடைத்தவுடன் குழுவில் சேர்த்துவிடக் கூடாது. முதலில் பேசுங்கள், குழுவில் இருக்கும் எல்லாருக்கும் அவர் எண் தெரியும் என்பதைச் சொல்லி, சம்மதம் பெற்றுச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர விரும்பாதவர் பட்டியலில் மட்டும் இருக்கலாம். குழுக்கள் இரண்டு தேவை: அட்மின்கள் மட்டுமே செய்தி இடும் அறிவிப்புக் குழு ஒன்று, அரட்டைக்கு ஒன்று. காலை வணக்கப் படங்களும் கட்சிச் சண்டையும் தாங்காமல் அரட்டைக் குழுவை விட்டுப் போகிறவருக்கும், ஆசிரியர் ஒருவர் மறைந்த செய்தி அறிவிப்புக் குழு வழியே போய்ச் சேரும்.

அறுபது பேரை ஒரே கயிற்றில் கட்ட முயல்வதைவிட, ஊர்வாரியாகச் சிறு வட்டங்களை வளர்ப்பதே பயன்தரும் என்பது என் கருத்து. கோயம்புத்தூரில் ஐந்து பேர் ஆண்டுக்கு மூன்று முறை சேர்ந்து சாப்பிடுவது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெருவிழாவைவிட உறவை அதிகம் காக்கும். எல்லாரும் இணையத்தில் கூடுவதானால் இந்திய நேரம் ஞாயிறு மாலை 7 மணி ஏறக்குறைய பொருந்தும்: துபாயில் மாலை 5.30, சிங்கப்பூரில் இரவு 9.30, லண்டனில் பிற்பகல், நியூயார்க்கில் காலை. கலிஃபோர்னியாவில் இருப்பவர் மட்டும் விடியற்காலையில் எழ வேண்டும். குளிர்காலத்தில் அவருக்கு அது 5.30 மணி என்பதால், அடுத்த முறை நேரத்தை அவருக்காக மாற்றுவது நியாயம்.

நேரில் கூடுவதற்கு டிசம்பர் கடைசி வாரம் முதல் பொங்கலுக்கு முன் வரையுள்ள நாட்கள் ஏற்றவை. மார்கழியில் கல்யாணங்கள் இல்லாததால் மண்டபமும் கிடைக்கும், உறவினர் வீட்டு முகூர்த்தம் என்று யாரும் தப்பிக்கவும் முடியாது. வெளிநாட்டினருக்கும் கிறிஸ்துமஸ் விடுமுறை. பிளஸ் டூ தேர்வு நடக்கும் மார்ச் மாதத்தை அறவே தவிருங்கள். தேதியை ஓராண்டுக்கு முன்பே அறிவித்துவிட வேண்டும். முதல் அரைநாள் வகுப்புத் தோழர்கள் மட்டும், பிறகு குடும்பத்துடன் என்று வகுத்தால், யாரையும் தெரியாத வாழ்க்கைத் துணைகள் மூலையில் உட்கார்ந்து கைப்பேசி பார்க்க நேராது. ஆசிரியர்களுக்கு அழைப்பிதழ் அனுப்பினால் போதாது. வயதானவர்களை வீட்டுக்குக் கார் கொண்டுபோய் அழைத்துவந்து, திரும்பக் கொண்டுவிட ஆளை நியமியுங்கள்.

பணத்தில்தான் வகுப்புகள் உடைகின்றன. தலைக்கு வாங்கும் கட்டணம், வகுப்பிலேயே வருமானம் குறைந்தவருக்கும் கட்டுப்படியாக வேண்டும். மீதியைத் தர விரும்புபவர்கள் தரட்டும், ஆனால் மொய் நோட்டு வாசிப்பதுபோல் யார் எவ்வளவு தந்தார் என்று மேடையில் அறிவிக்க வேண்டாம். ஏழை மாணவர் உதவித்தொகை போன்ற நிரந்தர நிதி தொடங்குவதென்றால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்கீழ் ஏழு பேர் சேர்ந்தாலே சங்கத்தைப் பதிவு செய்யலாம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: இந்தியக் கடவுச்சீட்டுடன் வெளிநாட்டில் வாழும் தோழர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டவர், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருந்தாலும், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010இன்படி வெளிநாட்டவரே. அச்சட்டப்படி பதிவோ முன்அனுமதியோ இல்லாத சங்கம் அவரிடம் வாங்கக் கூடாது.

பட்டியலுக்கு எப்போதும் இருவர் பொறுப்பில் இருக்கட்டும். இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை கூகுள் நீக்கிவிடக்கூடும் என்பதால், ஒருவருடைய கணக்கில் மட்டும் இருக்கும் பட்டியல் அவரோடு போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கல் வாழ்த்துச் சொல்லும் சாக்கில், ஒவ்வொருவரையும் அழைத்து எண்ணையும் முகவரியையும் சரிபார்த்து, திருத்திய பட்டியலை அச்செடுத்து இருவர் வீட்டிலும் வையுங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை பொறுப்பாளரில் ஒருவர் விலகி, மற்றொருவர் பழகிய கையாகத் தொடரட்டும்.