கிராம ஊட்டச்சத்துப் பணியில் ஊரைச் சேர்க்கும்போது நேரும் தவறுகள்

அங்கன்வாடி வாசலில் கோலம், மேசை நிறையக் கீரையும் சிறுதானியமும், பின்னால் ஒரு பேனர். செப்டம்பரில் வரும் ஊட்டச்சத்து மாத விழா பல ஊர்களில் குழுப் புகைப்படத்தோடு முடிந்துவிடுகிறது. வந்தவர்கள் கேட்டுவிட்டுப் போனதை மக்கள் பங்கேற்பு என்று பதிவேட்டில் எழுதுவதுதான் முதல் தவறு. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்றுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. பேனரால் இது மாறாது.

குழந்தையின் எடையைத் தாய்க்குச் சொல்லாமல் இருப்பது இதைவிடப் பெரிய தவறு. தராசில் உட்கார வைக்கிறார்கள், எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள், அடுத்த பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள். அந்த எண் மேலிடத்துக்குப் போகிறது, பெற்றவளுக்குப் போவதில்லை. வளர்ச்சி அட்டையை அவள் கையிலேயே கொடுத்து, போன மாதப் புள்ளியையும் இந்த மாதப் புள்ளியையும் அவளையே இணைக்கச் சொல்லுங்கள். கோடு மேலே ஏறாமல் படுத்திருந்தால், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். “போன மாசம் வயிற்றுப்போக்கு வந்தது” என்று காரணத்தை அவளே சொல்வாள். பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதற்கு நம்மிடமே முன்னோடி உண்டு. 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை கூடாத பிள்ளைகளைக் கண்டறிந்து இணை உணவு கொடுத்தார்கள். ஊட்டச்சத்துப் பணியாளரை அந்தந்த ஊரிலேயே தேடினார்கள். வசதி இல்லாவிட்டாலும் தன் பிள்ளைகளை நன்றாக வளர்த்திருக்கும் பெண்ணுக்கு முன்னுரிமை. இது மிகச் சரியான தேர்வு என்பேன். அதே கூலியில், அதே ரேஷன் அரிசியில் பிள்ளையைத் தேற்றியவள் சொன்னால் அடுத்த வீட்டுக்காரி காது கொடுப்பாள்.

தாய்மாரை மட்டும் அழைப்பது அடுத்த பிழை. பல வீடுகளில் கர்ப்பிணியின் தட்டில் என்ன விழ வேண்டும் என்று முடிவு செய்பவர் மாமியார். ‘நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் சிரமமாகும்’ என்ற பயம் அவருக்கு இருக்கும். சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், பயந்து அவரே நிறுத்தச் சொல்லிவிடுவார். மாத்திரையை டீயோடு விழுங்கினால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கணவர்களிடம் பேச வேண்டிய சங்கதி வேறு. கறந்த பால் முழுவதையும் சொசைட்டியில் ஊற்றிவிட்டுப் பிள்ளைக்கு வரக்காப்பி கொடுக்கும் வீடுகள் இருக்கின்றன. கூட்டத்தில் அவர்களைக் கடியாதீர்கள். கடன் தவணை அந்தப் பாலில்தான் ஓடுகிறது. ஒரு டம்ளர் பாலை எடுத்து வைக்க முடியுமா என்று வீட்டில் போய்க் கேளுங்கள்.

காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைப்பதும் தவறுதான். அப்போது பெண்கள் நூறு நாள் வேலையில் இருப்பார்கள். வேலைத்தளத்துக்கே போகலாம், அல்லது சுய உதவிக் குழு கூடும் நாளில் அரை மணி நேரம் கேட்டு வாங்கலாம். விதைப் பொட்டலம் கொடுப்பதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வரும், ஆட்டிடமிருந்து செடியை யார் காப்பது என்று விசாரியுங்கள். கொல்லைக்கு இடமில்லாத வீடுகளுக்கு அங்கன்வாடி ஓரத்தில் நான்கு முருங்கைப் போத்து நட்டாலே போதும்.

எடை குறைந்த பிள்ளைகளின் பெயரை எல்லார் முன்னாலும் வாசிக்கவே கூடாது. அவமானப்பட்ட தாய் அடுத்த மாதம் தராசுப் பக்கம் வரமாட்டாள். ஊருக்குச் சொல்ல வேண்டியது எண்ணிக்கையை மட்டும்: எத்தனை பிள்ளைகள் எடை பார்த்தோம், எத்தனை பேருக்குக் கூடவில்லை, சத்துமாவும் முட்டையும் எத்தனை நாள் வரவில்லை. அதைச் சொல்ல கிராம சபை இருக்கிறது. அங்கன்வாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் அதையும் அங்கேயே கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதை வாசிக்கக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.